பெரியம்மா காலமாகிவிட்டார்கள், கரண்ட் பில் இன்னும் பெரியப்பா பெயரில் வருகிறது. யார் கட்டுவது, யார் பெயருக்கு மாற்றுவது?

கல்லிடை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஆனி மாதக் கடைசியில் காலமானார்கள். கல்லிடைக்குறிச்சியில் வீடு. அது பெரியப்பா வாங்கிய வீடு. அவர் தவறிப் பல வருடம் ஆகிவிட்டது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் அம்மா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டதால் என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததெல்லாம் பெரியம்மாதான். இப்போது நான் இருப்பது தாம்பரத்தில்.

கடைசிக் காலத்தில் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம், இரவு பகலாக ஓடியது. ஏசியும் ஓடியது. அப்புறம் துட்டிக்கு வந்த சொந்தங்கள் விசேஷம் முடியும்வரை தங்கினார்கள். வழக்கமாக நூறு யூனிட்டுக்குள் அடங்கிப் பில்லே வராத வீட்டில் இந்த முறை 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. பில் வந்த குறுஞ்செய்தியும் பெரியம்மாவின் போனுக்குத்தான் போயிருக்கிறது. அலமாரியில் கிடந்த போனைத் தற்செயலாக எடுத்தபோதுதான் பார்த்தேன்.

மின் இணைப்பு பெரியப்பா பெயரில் இருக்கிறது. கேஸ் பெரியம்மா பெயரில். பெரியப்பாவின் அண்ணன் மகன்கள் இருவர் மும்பையில் இருக்கிறார்கள், வீடு இனி அவர்களுக்குத்தான் என்று ஊரில் பேச்சு. நான் பில்லைக் கட்டலாமா? கட்டினால் வீட்டுக்கு உரிமை கேட்கிறேன் என்று யாராவது நினைப்பார்களா? பெரியம்மாவின் ஏடிஎம் கார்டும் என்னிடம்தான் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக் கட்டுவது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முக்கூடல் தம்பி:
அக்கா, ஆழ்ந்த இரங்கல். என் யோசனை, கட்டாதீர்கள். இணைப்பு உங்கள் பெயரில் இல்லை, வீடும் உங்களுக்கு வரப்போவதில்லை. யாருக்கு வீடோ அவர்கள் கட்டட்டும். ஒருமுறை கட்டிவிட்டால் அடுத்தடுத்து எல்லாச் செலவும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர், சேரன்மகாதேவி:
மகளே, மனதைத் தேற்றிக்கொள். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் இந்த ஒரு பில்லைக் கட்டிவிடு என்றுதான் நான் சொல்வேன். காரணம் சொல்கிறேன்.

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. அதற்குள் கட்டாவிட்டால் பீஸ் கட்டையைப் பிடுங்க வருவார்கள். அப்புறம் நிலுவை, அபராதம், மறு இணைப்புக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நிற்கும். பாக்கி இறந்தவரோடு போய்விடாது, அந்த வீட்டைத் தொடரும். முந்தைய உரிமையாளர் வைத்த மின் பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் கேட்க விதிகளில் இடமிருந்தால் கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேரள மின் வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கு அது. அதனால் வீடு யாருக்குப் போனாலும் பாக்கி இல்லாமல் கைமாறுவதுதான் எல்லாருக்கும் நல்லது.

பில் கட்டினால் உரிமை கொண்டாடுவதாக ஆகாது. இணைப்பு எண் தெரிந்த யாரும் யாருக்காகவும் கட்டலாம். உங்கள் எண் 07 என்று தொடங்கும், அது திருநெல்வேலி மண்டலம். போனில் எண்ணைப் போட்டதும் பெரியப்பா பெயர் திரையில் வரும். அதைச் சரிபார்த்துவிட்டுக் கட்டு. ரசீதைப் பத்திரமாக வை, அதன் நகலை மும்பைக்கும் அனுப்பிவிடு. மறைத்துக் கட்டினால்தான் பின்னால் பேச்சு வரும்.

தொகை ஏன் இவ்வளவு என்று யோசித்திருப்பாய். 500 யூனிட் நம் ஊர்க் கட்டணத்தில் பெரிய எல்லை. 2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொள். 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 600 யூனிட்டுக்கு 2750 ரூபாய். கடைசி நூறு யூனிட்டுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். அதில் 800 ரூபாய் அந்த நூறு யூனிட்டின் விலை. மீதி 225 ரூபாய், 101 முதல் 200 வரை கிடைத்துவந்த சலுகை விலை பறிபோவதால் வருவது. அதன்பிறகு விலைகள் ஏறியிருக்கின்றன, ஆனால் அடுக்கு முறை அப்படியேதான். இது மீட்டர் கோளாறு இல்லை. ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க ஓடினால் ஏழெட்டு யூனிட் சாதாரணமாக இழுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகப்போகிறாய். மீட்டர் உள்ளே தார்சாவில் இருந்தால் அடுத்த முறை ரீடிங் எடுக்க வருகிறவர் கதவு பூட்டு என்று குறித்துக்கொண்டு போவார். அப்போது முந்தைய கணக்கில் ஓடிய யூனிட்டையே மறுபடி போடுவது வழக்கம். அதாவது நோயும் துட்டியுமாக இருந்த அந்த இரண்டு மாதத்துக் கணக்கு, ஆளே இல்லாத வீட்டுக்கு இன்னொரு முறை வரும். பின்னால் ரீடிங் எடுக்கும்போது கழித்துக்கொள்வார்கள் என்றாலும் அதுவரை கையிலிருந்து கட்ட வேண்டும். ரீடிங் வருகிற நாட்களில் பக்கத்து வீட்டில் சாவி இருக்கட்டும். நீயும் கிளம்புமுன் மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்.

முக்கூடல் தம்பி:
கதவு பூட்டு விஷயம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அப்படியென்றால் கட்டிவிடுவதே நல்லது.

பத்திர எழுத்தர், அம்பாசமுத்திரம்:
தங்கச்சி, ஏடிஎம் கார்டை முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கணக்கு வைத்திருந்தவர் இறந்த பிறகு அந்த அட்டையில் பணம் எடுப்பது, எவ்வளவு நல்ல காரியத்துக்கானாலும், தவறு. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் வாரிசுதாரராக நியமிக்கப்பட்டவருக்கோ சட்டப்படியான வாரிசுக்கோ கொடுப்பார்கள். பெரியம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்கியிருந்தால் கருவூலத்துக்கும் உடனே எழுதிக் கொடுங்கள். இறந்த பிறகு வரவாகும் மாதத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள்.

அப்புறம், வீடு மும்பைக்காரர்களுக்குத்தான் என்று ஊரில் பேசுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு முன் இரண்டு கேள்வி. பெரியம்மா உயில் எழுதியிருக்கிறார்களா? பெரியப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் யாராவது இன்று உயிரோடு இருக்கிறார்களா?

கல்லிடை மகள்:
அண்ணாச்சி, கார்டை வைத்துவிட்டேன். பில்லை என் கணக்கிலிருந்து கட்டி, ரசீதை மும்பை அண்ணன்மார் இருவருக்கும் அனுப்பிவிட்டேன். உயில் இருப்பதாகப் பெரியம்மா ஒருநாளும் சொன்னதில்லை. பெரியப்பாவின் அண்ணன் இப்போது இல்லை. தங்கை ஒருவர் இருக்கிறார், கடையத்தில். நான் அத்தை என்று கூப்பிடுவேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. துட்டிக்குக் கூட அவரைக் காரில் கூட்டிவந்து உட்காரவைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

பத்திர எழுத்தர், அம்பாசமுத்திரம்:
நான் கேட்டதற்குக் காரணம் இதுதான். பெரியப்பா இறந்தபோது அவருடைய தாயாரும் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது வீடு முழுக்கப் பெரியம்மாவுக்கு வந்திருக்கும். தாயார் இருந்திருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், கணவர் வழியில் வந்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. தாய் தகப்பன் வழியில் வந்த சொத்தாக இருந்தால் தகப்பனாரின் வாரிசுகளுக்குப் போகும், அப்போது உங்கள் பக்கத்துக்கும் பேச்சு இருக்கும். இது பெரியப்பா வாங்கிய வீடு.

கணவரின் வாரிசு என்று பார்க்கும்போது பெற்றோரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை என்றால் உடன்பிறந்தவர்கள் ஒரு வரிசை. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் அதற்கும் பிந்திய வரிசை. முன் வரிசையில் ஒருவர் இருந்தாலும் பின் வரிசைக்கு எதுவும் வராது. ஆகவே நீங்கள் சொன்னபடி பார்த்தால் வீடு கடையத்து அத்தைக்குத்தான். மும்பைத் தம்பிகளுக்கு இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எழுதியவர் இறந்துவிட்டார் என்பதற்கான சான்றைக் காட்டினால் நகல் தருவார்கள். உயில் கிடைத்தால் மேலே சொன்னது அத்தனையும் மாறும்.

சுரண்டைச் செல்வி:
படிக்கப் படிக்க மனது கனத்துப்போனது. கழுவித் துடைத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட இல்லையா? அக்கா, நீங்கள் அந்த மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்துப் பாருங்கள். பார்த்துக்கொண்டவர் என்று ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டாமா?

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர், சேரன்மகாதேவி:
அம்மா செல்வி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அது வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு உரிமையாளர் என்பதற்கான ஆவணம் கேட்பார்கள். புதியவர் பெயரில் சொத்து வரி ரசீதோ பத்திரமோ வேண்டும். இறந்தவர் வழியில் என்றால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அப்படி மாற்றினாலும் வீடு அவர் பெயருக்கு வந்துவிடாது. இணைப்பில் இருக்கிற பெயர் மின்சாரத்துக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும்தான் காட்டும். குடியிருப்பதற்குச் சாட்சியாகக் கரண்ட் ரசீதைக் கோர்ட்டில் காட்டுவார்கள், சொத்து யாருடையது என்பதற்கு அது போதாது.

2022 நவம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை ஆதார் இணைக்கச் சொன்னார்களே, அப்போதும் இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வந்தது. ‘உரிமையாளர், ஆனால் இணைப்பின் பெயர் மாற்றப்படவில்லை’ என்று ஒரு விருப்பம் இருந்தது. அதில் ஆதாரைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாறிவிட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். அட்டையில் பழைய பெயர்தான் இருக்கும். 2023 ஜூலையில் பெயர் மாற்றத்துக்கென்றே பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம் நடத்தினார்கள், அப்போது கட்டணம் 726 ரூபாய். அந்தச் சமயத்தில் மாற்றிக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

சுரண்டைச் செல்வி:
சரி அண்ணாச்சி. என் வீட்டு விஷயத்தையும் சொல்கிறேன். அப்பா இறந்ததும் அண்ணன் ஆட்சேபணை இல்லை என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். கரண்டுக்குத்தான் என்றான். படித்துப் பார்த்தால் வீட்டில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கீழே ஒரு வரி. அதை அடித்துவிட்டு, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும் சம்மதம் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் ஒரு தீபாவளி பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது. பெண்பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பத்திர எழுத்தர், அம்பாசமுத்திரம்:
செல்வி செய்தது மிகச் சரி. அண்ணனின் பெயருக்கு மாற்றுவதற்குப் பதில், அப்பா இறந்தால் அந்த வீட்டில் குடியிருக்கும் அம்மா பெயருக்கு மாற்றுங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும்போது தாயின் பெயருக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது, அந்த அம்மாவுக்கும் ஒரு தைரியம்.

களக்காடு சரவணை:
கேஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். சிலிண்டர் வீடுகளுக்குப் போடும் வேலையில் இருக்கிறேன். பூட்டிய வீட்டில் சிலிண்டரை அடுப்போடு மாட்டி விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ட்யூபை எலி கடித்துவிட்டால், கதவைத் திறந்து லைட்டைப் போடும்போதுதான் ஆபத்து.

இறந்தவர் பெயரில் தொடர்ந்து புக் செய்து ஓட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். இப்போது கைரேகை வைத்து விவரம் சரிபார்க்கக் கூப்பிடுகிறார்கள், அங்கே வந்து நின்றுவிடும். அதே வீட்டில் குடும்பத்தார் யாராவது குடியிருக்கப் போனால் இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், தங்கள் ஆதார் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். யாரும் இருக்கப்போவதில்லை என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துவிடுங்கள். இணைப்பு எடுத்தபோது கொடுத்த வைப்புத்தொகைச் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் போட்டிருக்கும் தொகைதான் வாரிசுக்குத் திரும்ப வரும். அந்தக் காலத்து இணைப்பென்றால் சின்னத் தொகையாகத்தான் இருக்கும்.

கல்லிடை மகள்:
நன்றி தம்பி. ட்யூபைக் கழற்றி சிலிண்டரைப் புறவாசல் தாழ்வாரத்தில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

நேற்று அண்ணன்மார் இருவரிடமும் பேசினேன். பத்திர அண்ணாச்சி எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அத்தைக்குத்தான் என்றால் அத்தைக்குத்தான், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம் என்றார். சின்னவர் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றார், அதுவும் நியாயம்தான். செல்வி, உன் அன்புக்கு நன்றி. பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு எனக்கு ஒரு பிடிமானமும் வேண்டாம். அந்த வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது, பாக்கி வைத்துவிட்டுப் போனார்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லிவிடக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டும்.

இன்னும் ஒரு சந்தேகம். பெரியம்மா கடைசியில் பாளையங்கோட்டையில் மருத்துவமனையில்தான் இறந்தார்கள். இறப்புச் சான்றிதழைக் கல்லிடை பேரூராட்சியில் கேட்டால் இங்கே பதிவில்லை என்கிறார்கள்.

பத்திர எழுத்தர், அம்பாசமுத்திரம்:
இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். திருநெல்வேலி மாநகராட்சியில் பாருங்கள். மருத்துவமனையே தகவல் அனுப்பியிருக்கும். இணையத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயரும் கணவர் பெயரும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ஓர் எழுத்துப் பிசகினாலும் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் அதையே கேட்பார்கள். வீட்டில் நடந்த இறப்பென்றால் 21 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமே பதியலாம்.

வாரிசுச் சான்றிதழ் வேறு. அது பெரியம்மா குடியிருந்த இடத்தைப் பொறுத்தது, அம்பாசமுத்திரம் தாசில்தார். இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். மனைவி, மக்கள் என்று நேரடி வாரிசு இருந்தால் சிக்கல் இல்லை. உங்கள் அத்தைபோல அடுத்த வரிசை என்றால் நீதிமன்றம் போகச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. முதலில் தாலுகா அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள். அத்தைக்குக் கண் தெரியாது என்பதால், கைநாட்டு வைக்கிற ஒவ்வொரு தாளையும் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ராதாபுரம் கிணற்றுக்காரர்:
இதே இழையில் நானும் ஒன்று கேட்கலாமா? எங்களுக்குத் திசையன்விளைப் பக்கம் கூட்டுக் கிணறு, பம்புசெட் இணைப்பு தாத்தா பெயரில். 1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவசம் வந்து, 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. அன்றிலிருந்து பில்லே வராததால் பெயர் யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. தாத்தா போய், அப்பாவும் போய், இப்போது நான்கு பங்காளிகள். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால் பெரிய மோட்டார் போட வேண்டும். போய்க் கேட்டால் இணைப்பு வைத்திருப்பவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவர் என் அப்பா பிறந்த வீட்டுச் சுவரில் படமாக இருக்கிறார்.

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர், சேரன்மகாதேவி:
இலவச இணைப்பில்தான் இந்தச் சிக்கல் அதிகம். பில் வந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பெயர் கண்ணில் படும், இதில் அதுவும் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனை மாற்றுவதற்கு முன்னால் பெயரை மாற்றியே ஆக வேண்டும். அனுமதி இல்லாமல் பெரிய மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள், கண்டுபிடித்தால் இணைப்புக்கே ஆபத்து.

கிணறு இருக்கும் சர்வே எண்ணின் பட்டாவை முதலில் எடுங்கள். அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக நான்கு பேர் பெயரும் ஏறட்டும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். கிணற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். பிறகு ஒருவர் பெயருக்கு இணைப்பை மாற்ற மற்ற மூவரும் சம்மதம் எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சம்மதத்தில் தண்ணீர் முறை யாருக்கு எந்த நாள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். செல்வி சொன்னதுபோல, இது இணைப்புக்கு மட்டும் என்ற வரியும் இருக்கட்டும். அத்தைமார் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

ராதாபுரம் கிணற்றுக்காரர்:
அத்தை இருவர் இருக்கிறார்கள். ஒருவர் உவரி, ஒருவர் நாங்குநேரி. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் போய்ப் பார்க்கிறேன்.

முக்கூடல் தம்பி:
கல்லிடை அக்கா, பெரியம்மாவின் சிம் கார்டை ரீசார்ஜ் செய்து கொஞ்ச காலம் உயிரோடு வையுங்கள். வங்கி, கேஸ், கரண்ட் எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். விஷயம் தெரியாமல் அவர்களைக் கூப்பிடுகிற பழைய சிநேகிதிகளுக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமே.

கல்லிடை மகள்:
ஆமாம் தம்பி, இன்று காலை வீரவநல்லூரிலிருந்து அவர்களோடு படித்த ஒருவர் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. அத்தை பெயருக்கு எல்லாம் மாற நாளாகும்போலத் தெரிகிறது. அதுவரை இணைப்பை ஒப்படைத்துவிடலாமா, அப்படியே வைத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர், சேரன்மகாதேவி:
ஒப்படைக்காதே மகளே. அதை முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்கு உரியவர். திரும்ப வாங்க வேண்டுமென்றால் புது இணைப்புக்கான கட்டணம், வைப்புத்தொகை எல்லாம் அவர் மறுபடி கட்ட வேண்டும். வைத்திருப்பதால் செலவும் இல்லை. வீட்டு இணைப்புக்கு இருந்த நிலைக் கட்டணத்தை 2022இலேயே எடுத்துவிட்டார்கள், நூறு யூனிட்டுக்குள் இருந்தால் பில் பூஜ்யம்தான்.

பிரிஜ்ஜைக் காலி செய்து கதவைச் சற்றுத் திறந்து வை. இன்வெர்ட்டர் இருந்தால் அணைத்துவிடு. வாசல் விளக்குக்கும் மோட்டாருக்கும் மட்டும் கரண்ட் இருக்கும்படி மற்றதை நிறுத்தச் சொல். பிரிவு அலுவலகத்தில் தகவல் போகிற போன் எண்ணை மட்டும் இப்போதே மாற்றச் சொல்லிக் கேள், பெயர் மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றித் தரத் தாமதமானால் மின் வாரியப் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987 என்ற எண்ணில் புகாராகப் பதிவு செய்யலாம், இரவிலும் எடுப்பார்கள். அடுத்த ரீடிங் ஆவணி கடைசியில் வரும் என்று நினைக்கிறேன், வெள்ளை அட்டையில் தேதியைப் பார்த்துச் சாவி வைத்திருப்பவரிடம் சொல்லிவிடு.

கல்லிடை மகள்:
அப்படியே செய்கிறேன் அண்ணாச்சி. சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. அட்டையைப் படம் எடுத்து அவர்கள் பேரனுக்கு அனுப்பிவிட்டேன்.